திறந்து பார்த்தால் தெரியும்

பெருங்குடியில் ஓர் ஐ.டி. கட்டடத்தின் ஐந்தாவது மாடி. நாற்காலிகள் வரவில்லை, தரையே பாதிதான் வந்திருந்தது. இரண்டடிச் சதுரத் தட்டுகளை அரையடி உயர இரும்புக் கால்கள்மேல் பரப்பிக்கொண்டு போனார்கள். பரப்பாத இடத்தில் குத்துக்காலிட்டு, நீலக் கேபிள்களை நீவிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. விழுப்புரம் பக்கத்துக்காரர். வீட்டு வயரிங்கில் தொடங்கி, ஓ.எம்.ஆர். சாலையில் கட்டடங்கள் பெருகியபோது நெட்வொர்க் வேலைக்கு மாறியவர். பையன்கள் அவரை அண்ணே என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முன்பெல்லாம் மேசைகளுக்கு நடுவே நெஞ்சளவு தடுப்பு நிற்கும். அதன் அடியில் ஓடும் ரேஸ்வேக்குள் வயர் ஒளிந்துகொள்ளும். திறந்தவெளி அலுவலகம் என்று தடுப்பை எடுத்தார்கள். வயரின் மறைவிடமும் சேர்ந்து போயிற்று. மேசைக்கடியில் தொங்கினால் அசிங்கம், கூரையிலிருந்து இறங்கினால் அதைவிட அசிங்கம். எனவே தரைக்குள். ஒரு வயர்கூடக் கண்ணில் படக் கூடாது என்பது டிசைனரின் நிபந்தனை.

“இருநூறு சீட்டு சார். சீட்டுக்கு ரெண்டு பாயிண்ட். ஒண்ணுக்கு நாப்பது மீட்டர்னு வைங்க” என்றார் அண்ணன். 16 கிலோமீட்டர் வருகிறது. ஒரு பெட்டியில் 305 மீட்டர். ஐம்பது பெட்டிக்கு மேல் பிரிக்க வேண்டும். கேபிள்களெல்லாம் போய்ச் சேரும் ரேக்கிலிருந்து மேசைப் பாயிண்ட் வரை எந்த ஓட்டமும் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது. கரண்ட் வயருக்குத் தனி ட்ரே. இரண்டும் சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காக, செங்கோணத்தில் கடக்கும். ஒட்டியே ஓடினால் மின்சாரத்தின் இரைச்சல் டேட்டாவில் ஏறிவிடும்.

கேபிளை ஒழுங்காகப் படுக்கவைப்பதற்கு டிரெஸ்ஸிங் என்று பெயர். ரேக்குக்குப் பின்னால் ஒரு பையன் பிளாஸ்டிக் சீப்பால் இருபத்துநான்கு கேபிள்களை வாரி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வளைத்துக் கொண்டுவந்தான். வளைவு எங்கும் ஒடியவில்லை. கேபிளின் விட்டத்தைப்போல நான்கு மடங்கு ஆரமாவது வேண்டுமாம். கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டைதான். பல்வைத்த பிளாஸ்டிக் டையை இறுக்கினால் உள்ளேயிருக்கும் நான்கு முறுக்கு ஜோடிகள் நசுங்கும். அந்த முறுக்குத்தான் இரைச்சலை அடித்துப்போடுகிறது. முனையில் பஞ்ச் செய்யும்போதும் அரை அங்குலத்துக்குமேல் அதைப் பிரிக்கக் கூடாது. டெஸ்டரில் ஃபெயில் காட்டும் பாயிண்டுகளில் பல, இங்கே அவசரப்பட்டவை.

படம் எடுத்துப் போடத் தோன்றும் அழகு ரேக்குக்கு அருகே மட்டும்தான். தரைக்கடியில் கேபிள்கள் சற்றுத் தளர்ந்தே கிடந்தன. நான் முகம் சுளித்ததை அண்ணன் கவனித்துவிட்டார். “ரொம்ப வாரி இறுக்கிக் கட்டினா சூடாகும் சார்.” சரிதான்: இன்று நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகிறது, புதிய முறையில் 90 வாட் வரை. இறுக்கிய கட்டின் நடுவே இருப்பதற்குக் காற்று கிடைக்காது.

மேசைக்கான பாயிண்டுகள் தரையில் வெளிவரும் ஃப்ளோர் பாக்ஸ் ஒவ்வொன்றின் அடியிலும் கொஞ்சம் கேபிள் உபரியாக விட்டிருந்தார். மேசை நகர்ந்தால் பாக்ஸும் நகர வேண்டும். இரு முனைகளிலும் ஒரே எண், அச்சடித்த லேபிள்; பேனா எழுத்து அழிந்துவிடுமாம். “மறைக்கிறது பெருசில்ல சார். நாளைக்கு எவனோ திறப்பான்ல, அவனுக்குப் புரியணும்.” டிசைனர் சொல்லும் ஸ்டைலைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. மூடியைத் திறந்ததும் குப்பை கொட்டும் பளபளப்பான அலுவலகங்களில் நானும் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன்.

வைஃபை வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். அவர் கூரையைக் காட்டினார். வெள்ளைத் தட்டுப்போல வரப்போகும் ஒவ்வொரு அக்சஸ் பாயிண்டுக்கும் அங்கே ஒரு கேபிள் சுருண்டு தொங்கியது. நின்றும் வேலை செய்கிற, ஏறி இறங்கும் மேசைகள் புதுத் தலைவலி. கணு கணுவாக மடங்கும் பிளாஸ்டிக் சங்கிலிக்குள் வயரை விட வேண்டும். மேசையின் முழு உயரத்துக்கு நீளம் விடாவிட்டால், முதல்முறை ஏற்றும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடும்.

கிளம்பும்போது வரைபடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்த நாலைந்து தட்டுகளைக் காட்டினார். கேபிள்கள் பிரியும் முக்கிய இடங்கள். மேலே கனமாக எதையும் வைக்கக் கூடாது.

“பீரோ வைக்காதீங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன்” என்றார். “வைப்பாங்க.”