கருப்பைக் கட்டி: அகற்றுவதா, காத்திருப்பதா?

நாற்பது வயதைக் கடந்த பெண்மணிகள் தாழ்ந்த குரலில் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் நோய்களுள் கருப்பையில் தோன்றும் தசைக்கட்டியும் ஒன்று. மருத்துவர்கள் இதனை ஃபைப்ராய்டு என்பர். நம் இல்லங்களில் கர்ப்பப்பைக் கட்டி என்போம். கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடனே புற்றுநோய் என்று நடுங்குவோர் ஒருபுறம். 'இந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதானே' என்று உடலில் இரத்தம் வற்றும்வரை வாளாவிருப்போர் மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே நிதானமான வழி ஒன்றுண்டு. அதனை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

மிளகும் காப்பியும் விளையும் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டைச் சேர்ந்த செம்மேட்டில் நாங்கள் வசிக்கின்றோம். என் கணவர் மிளகு வாணிபம் செய்பவர். மலைமீது நம் சமுதாயக் குடும்பங்கள் சிலவே. அக்குடும்பத்துப் பெண்மக்களுக்கு மாலை வேளைகளில் மத்ரஸாக் கல்வி புகட்டுவது என் பணி. ஹைளு எனும் மாதவிடாய்க்கும், இஸ்திஹாளா எனும் நோயின் உதிரப்போக்கிற்கும் உள்ள வேறுபாடு அப்பாடங்களுள் ஒன்று. மாதவிடாயின் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள். ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள். அவ்வெல்லையைக் கடந்த உதிரம் தொழுகைக்கும் நோன்புக்கும் தடையாகாது. ஆகவே ஒவ்வொருத்தியும் தன் வழக்கமான நாட்களைக் குறித்துவைக்க வேண்டும் என்று மாணவியரிடம் வலியுறுத்துவேன். நானும் பல ஆண்டுகளாக நாட்காட்டியில் குறித்து வருகின்றேன்.

என் 46ஆம் வயதில் அந்நாட்காட்டியே முதல் எச்சரிக்கையை விடுத்தது. ஆறு நாட்களில் முடிந்து வந்தது ஒன்பதாயிற்று. அடுத்தடுத்த மாதங்களில் பதிமூன்றாயிற்று. கட்டிகட்டியாக உதிரம் வெளியேறியது. வீட்டு மேட்டை ஏறினால் நெஞ்சு படபடத்தது. ஓதிக்கொடுக்கும்போது மூச்சு வாங்கியது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6 கிராம் என்று வந்தது. என் போன்ற பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது. ஸ்கேன் எடுத்ததில், கருப்பையின் தசைச் சுவரில் 5 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது.

சமவெளியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம். ஸ்கேன் தாளைப் பார்த்த ஐந்து நிமிடங்களுக்குள், "பிள்ளைப்பேறெல்லாம் முடிந்துவிட்டதே, இனி அந்தப் பை எதற்கம்மா? விட்டுவைத்தால் புற்றுநோயாகிவிடும். திங்கட்கிழமையே சேர்ந்துவிடுங்கள்" என்றனர். "எடுத்துப் போட்டுவிட்டால் நிம்மதி" என்றார் மாமி. என் கணவரோ, "உன் உடம்பு இது. இன்னொரு டாக்டரம்மாவையும் கேட்டுவிட்டு நீயே முடிவு சொல்" என்றார். அந்த ஒரு வாக்கு எனக்குப் பேருதவியாக அமைந்தது.

இரண்டாவதாகக் கண்ட பெண் மருத்துவர் முதலில் என் நாட்காட்டிக் குறிப்புகளைத்தான் கேட்டார். எத்தனை நாட்கள், எந்நாளில் மிகுதி, எத்தனை முறை துணி மாற்ற நேர்ந்தது என்பவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, "இவ்வளவு தெளிவாக யாரும் சொல்வதில்லை அம்மா" என்றார். மார்க்கக் கடமைக்காக வைத்த கணக்கு மருத்துவத்திற்கும் சான்றாயிற்று.

அவர் விளக்கியவற்றுள் முதன்மையானது, இக்கட்டிகள் மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல என்பது. புற்றுநோயாக அமைவது மிக அரிது. அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 50 வயதிற்குள் பத்தில் ஏழு பெண்களுக்கேனும் இக்கட்டி தோன்றிவிடுகிறது என்று கண்டது. அவர்களுள் பலருக்கு எத்தொல்லையும் இருப்பதில்லை. தொல்லை தராத கட்டிக்கு மருத்துவமும் தேவையில்லை. பெண்மைக்குரிய ஹார்மோன்களை உண்டு வளரும் இக்கட்டிகள், மாதவிடாய் நின்றபின் பொதுவாகச் சுருங்குகின்றன. ஆயினும் 45 வயதிற்கு மேல் உதிரம் மிகுந்தால் கருப்பையின் உட்சவ்விலிருந்து சிறிது எடுத்துப் பரிசோதிப்பது அவசியம். எனக்கும் பரிசோதித்தனர், தீங்கேதுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அதன்பின் வழிகளை ஒவ்வொன்றாக என்முன் வைத்தார். உதிரம் மிகும் நாட்களில் மட்டும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை உட்கொள்ளலாம். அது போக்கைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது. ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும், காப்பர் டி வடிவிலான கருவியொன்றைக் கருப்பைக்குள் பொருத்தலாம். அது சில ஆண்டுகள் பயன் தரும். ஆயினும் கட்டி கருப்பையின் உள்ளறையைச் சிதைத்திருந்தால் அது நழுவிவிடக்கூடும். கட்டியை மட்டும் அறுத்தெடுக்கலாம். புதியவை முளைக்கும் வாய்ப்புண்டு. நுண்குழாய் செலுத்திக் கட்டிக்குச் செல்லும் இரத்தத்தை அடைக்கலாம். இம்முறையை 1995இல் பாரிஸ் மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்தனர். நம் பகுதியினர் இதற்குப் பெருநகரம் செல்ல வேண்டும். இறுதியாகக் கருப்பையையே அகற்றலாம். அதன்பின் உதிரமும் இல்லை, கட்டி மீண்டும் வருவதும் இல்லை. ஆனால் அது பெரிய அறுவை; வயிற்றைத் திறந்து செய்தால் ஏறத்தாழ ஆறு வாரங்கள் பளு தூக்கலாகாது. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், மாதவிடாய் நிற்கும் பருவம் ஒரே நாளில் வந்து எலும்பும் இதயமும் பாதிப்படையக்கூடும்.

நான் எதையெதை எடைபோட்டேன் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. எனவே நான் கடக்க வேண்டிய காலம் நெடிதன்று. என் கட்டி உள்ளறையைச் சிதைக்கவில்லை. அதே வேளையில், ஒன்றும் செய்யாமல் காத்திருக்கவும் இயலாது. நள்ளிரவில் உதிரம் பெருகினால், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, அதன்பின்னரே நாமக்கல் செல்ல வேண்டும். மலைவாசிக்கு இதுவும் ஒரு மருத்துவக் கணக்கே. கருவியைப் பொருத்தினால் முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் சிறுசிறு கசிவு இருக்கும் என்றார் மருத்துவர். தொழுகை என்னாகும் என்று உள்ளம் தயங்கியது. நான் கற்பிக்கும் இஸ்திஹாளாச் சட்டமே விடையளித்தது: வழக்கமான நாட்கள் கழிந்ததும் குளித்து, ஒவ்வொரு வக்துக்கும் தூய்மை செய்து ஒளுச் செய்து தொழலாம்.

நரம்பூசி வழியே இரும்புச்சத்து ஏற்றி முதலில் இரத்தத்தைக் கூட்டினர்; பின்னர் கருவியைப் பொருத்தினர். ஐந்து மாதங்கள் கசிவு தொல்லை தந்தது, பிறகு ஓய்ந்தது. இப்போது ஓராண்டாகின்றது. ஹீமோகுளோபின் 11.8. கட்டி அதே அளவில் இருக்கின்றது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கின்றேன்.

என் தமக்கையோ 44ஆம் வயதில் கருப்பையை அகற்றிக்கொண்டவர். அவருடைய கட்டி ஐந்து மாதக் கருவளவு வளர்ந்து சிறுநீர்ப்பையை அழுத்தியது. மாத்திரைகள் பயன் தரவில்லை. சினைப்பைகளை விட்டுவைத்து அறுவை செய்தனர். இன்று நலமாக இருக்கின்றார். அவர் முடிவு அவருக்குச் சரி. என் முடிவு எனக்குச் சரி. நாங்கள் இருவருமே விவரம் அறிந்து முடிவெடுத்தோம்.

அவ்வாய்ப்பு ஏழைப் பெண்களுக்குப் பல நேரம் கிட்டுவதில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டச் செல்லும் பெண்கள் இளம் வயதிலேயே கருப்பையை இழந்த செய்தி 2019இல் நாட்டை உலுக்கியது. அரசுக் குழு ஆராய்ந்ததில், 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுள் 13 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அவ்வறுவைக்கு உள்ளானது தெரிந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையின்றிச் செய்யப்பட்ட அறுவைகள் குறித்து 2013இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் ஏற்றுச் செயற்படுத்த ஆணையிட்டது. ஆணைகள் இருந்தாலும், மருத்துவர் முன் அமர்ந்து கேள்வி கேட்க வேண்டியவள் பெண்தான்.

கேட்பதற்கு நாணம் தடையாகிறது. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு நில்லாதிருந்த உதிரப்போக்கைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்களிடமே நேரில் வினவினார்கள். அவ்வினாவிற்குக் கிடைத்த விடையே இன்றளவும் நமக்குச் சட்டமாக நிற்கின்றது. அந்த ஸஹாபிப் பெண்மணி நாணி மறைத்திருந்தால் நாம் இழந்திருப்பது எவ்வளவு!

சகோதரிகளே! நாட்கணக்கைக் குறித்து வையுங்கள். உதிரம் மிகுந்தால் இரத்த அளவைப் பாருங்கள். மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: கட்டி எங்கே, எவ்வளவு? உட்சவ்வைப் பரிசோதிக்க வேண்டுமா? அகற்றுவதற்கு முன் வேறு வழி உண்டா? அகற்றினால் சினைப்பைகள் என்னாகும்? விடை தெளிவாகாவிடில் இரண்டாவது மருத்துவரை நாடுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் தென்பட்டாலும், கட்டி விரைந்து வளர்ந்தாலும் நாள் கடத்தாதீர்கள். வீட்டு ஆண்மக்களே! உங்கள் தாயோ, துணைவியோ, மகளோ மூச்சு வாங்கினால் 'வயதாகிவிட்டது' என்று ஒதுக்காமல் உடன் செல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நலமான வாழ்வை அருள்வானாக, ஆமீன்.