விளக்கும் கணக்கேடும்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஆச்சி இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்தார்கள். அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் முறை வைத்துத் துணைக்கு இருந்தோம். இரண்டாம் வாரம் ஆச்சிக்குப் படுக்கைப் புண் கண்டது. மருந்து கட்டும்போது வலி தாளாமல் எங்கள் கையை இறுகப் பற்றிக்கொள்வார்கள். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவோம்.

இரவுப் பணிக்கு வரும் சிஸ்டர் ஒருவர், ஆச்சியை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைத்து, நேரத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். "இது எதற்கு சிஸ்டர்?" என்று கேட்டோம்.

"யாருக்குப் புண் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று மூன்று வருஷமாகக் குறித்து வருகிறேன், பிள்ளைகளா. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை" என்றார். அந்தச் சொல் எங்கள் நெஞ்சில் தைத்தது.

பள்ளி திறந்ததும் நூலகத்தில் தேடினோம். விளக்கேந்திய மங்கை நைட்டிங்கேல் அம்மையாரின் கையில் விளக்கு மட்டுமா இருந்தது? கணக்கேடும் இருந்தது! கிரிமியப் போரில் (1853–56) காயத்தைவிட நோய்க்கே வீரர்கள் மிகுதியாகப் பலியானதை அவர் படம் வரைந்து மெய்ப்பித்தார்.

டோரீன் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயச் செவிலியர், முதியோர் வார்டுகளில் தம் குழுவினருடன் ஆய்ந்து 1962-இல் அறிக்கை வெளியிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், புரளும் திறன், மலசலம் அடக்கும் திறன் ஆகிய 5-க்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 20-இல் 14 அல்லது அதற்குக் குறைவானால் புண் வரும் அபாயம் உண்டு. ஆச்சி படுத்த முதல் நாளை நினைத்து நாங்கள் கூட்டிப் பார்த்தோம், 11 வந்தது. அன்றே பார்த்திருந்தால்!

இங்கிலாந்தில் ஜெனிபர் ஸ்லீப் என்னும் மருத்துவச்சி, பிரசவ வேளையில் தாராளமாகப் போடப்பட்டு வந்த வெட்டு தேவைதானா என 1,000 தாய்மாரிடம் ஆய்வு நடத்தினார். அதனால் தாய்க்கும் சேய்க்கும் தனி நன்மை இல்லை என்ற முடிவு 1984-இல் வெளியாயிற்று.

நோயாளியின் அருகே இரவெல்லாம் விழித்திருப்பவருக்கே இத்தகைய கேள்விகள் எழுகின்றன. ஆனால் கேள்வி மட்டும் போதுமா? ஆய்வுக்கெனப் பணியில் ஒதுக்கிய நேரம், புள்ளியியல் பயிற்சி, பொருளுதவி, மருத்துவர்களின் ஒத்துழைப்பு யாவும் வேண்டும். ஆய்வை நடத்தும் பொறுப்பும் அவர்களுக்கே வேண்டும்.

இன்று ஆச்சி கம்பூன்றி நடக்கிறார்கள். நார்ட்டன் அட்டவணையைத் தமிழில் எழுதி அந்தச் சிஸ்டரிடம் கொடுத்தோம். அதைத் தம் நோட்டின் முதற்பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். அந்த நோட்டை வாங்கிப் படிக்க ஒருவர் முன்வர வேண்டும் என்பதே எங்கள் ஆவல்.

செவிலியராக விரும்பும் தோழியரே, அன்போடு கணக்கையும் கற்றுக்கொள்வோம்!