அன்னபேதி

போன இதழுக்கு வந்த கேள்விகளில் ஒன்று: "நிலக்கடலையில் கொழுந்து இலை வெளுத்து மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?" சுண்ணாம்பு அதிகமுள்ள நிலத்தில் இது வழக்கம்தான். இரும்புச்சத்துக் குறைபாடு. பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி உப்பு, கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, வெயில் ஏறுமுன் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. பச்சை திரும்பிவிடும்.

இந்தப் பதிலை எழுதும்போதெல்லாம் தேவதானத்தில் ஒரு நடவு வயல் எனக்கு ஞாபகம் வரும்.

திருந்திய நெல் சாகுபடியை ஊர் ஊராகக் கொண்டுபோன காலம். மலையடிவாரத்தில், கண்மாய்ப் பாசனத்தில் அரை ஏக்கரில் செயல்விளக்கம் வைத்திருந்தேன். 14 நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டருக்கு ஒன்று, கயிறு பிடித்து நட வேண்டும். பெண்களுக்குப் புதுப் பழக்கம், வேலை இழுத்தது. பதினோரு மணிக்கு முடிய வேண்டியது உச்சி தாண்டியும் முடியவில்லை. நானோ இடைவெளியை அளந்து பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்கிறேன்.

அப்போது ஒரு பெண் நாற்றுக் கட்டோடு சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாத கர்ப்பம். சேலையை ஏற்றிச் செருகிக் குனிந்தே நின்றதில் நான் கவனிக்கவேயில்லை. "ஒண்ணுமில்ல சார், கிறுகிறுப்புதான்" என்றாள். வரப்பில் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

கொஞ்ச நேரத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் பையோடு வந்தார். அவர் இவளைத் தேடித்தான் வந்திருக்கிறார். அன்று புதன்கிழமை. துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள், கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். இவள் அங்கே போகாமல் என் நடவுக்கு வந்திருந்தாள். கூலியை விட முடியுமா?

செவிலியர் அவள் கீழ் இமையை விரலால் இழுத்து என்னிடம் காட்டினார். சிவப்பே இல்லை, வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. "பயிர் மஞ்சளடிச்சா ரோட்டுல இருந்தே கண்டுபிடிச்சிருவீங்க சார். இதைப் பார்க்கலையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

ரத்தம் பார்த்ததில் 6.8 கிராம். கர்ப்பிணிக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும். 7-க்குக் கீழ் போனால் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் உயிருக்கே ஆபத்து. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றினார்கள். பிறந்த பெண் குழந்தை 2.1 கிலோ. 2.5-க்குக் குறைந்தால் எடை குறைவு என்றுதான் கணக்கு.

அவளுக்கு மாத்திரை கொடுக்காமல் இல்லை. கொடுத்த அட்டையெல்லாம் கூரைச் சந்தில் செருகி இருந்ததாம். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். மலம் கறுத்துப் போனதில் இவளும் பயந்துவிட்டாள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பது இயல்பு. பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நாம் வயலுக்குத் தெளிக்கிற அன்னபேதியும் ஃபெரஸ் சல்பேட்தான், கர்ப்பிணிக்குக் கொடுக்கிற மாத்திரையில் இருப்பதும் அதே உப்புதான். (உரக்கடை அன்னபேதியை யாரும் வாயில் வைத்துவிடாதீர்கள், அது மனுசருக்கான தரம் இல்லை.) எலுமிச்சையும் இரண்டு இடத்திலும் உதவுகிறது. தெளிப்பில் இரும்பு வீணாகாமல் காக்கிறது, வயிற்றில் இரும்பு உடம்பில் சேர உதவுகிறது. மாத்திரையோடு டீ, காபி மட்டும் கூடாது, சேர விடாமல் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் என்பது இப்போதைய கணக்கு.

விவசாயக் குடும்பத்துக்கு இன்னொன்றும் உண்டு. கொக்கிப்புழு. வெளியே மலம் கழிக்கிற இடத்தின் ஈரமண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறி, குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். வயலில் நிற்கிற நம் பெண்களுக்குச் சோகை வர இதுவும் ஒரு காரணம். மூன்று மாதம் தாண்டியபின் செவிலியரே பூச்சி மாத்திரை கொடுப்பார்.

சில வருடம் கழித்து, சிறுதானியம் பார்ப்பதற்காக விவசாயிகளோடு தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிக்குப் போனேன். ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி 1993-இல் அந்த மலைப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது, ஆயிரம் குழந்தைக்கு 147 குழந்தை ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. ஓலைக் குடிசையில் வைத்தியம் தொடங்கி, அந்த ஊர் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் கர்ப்பிணியைப் பார்ப்பதும், பிள்ளையை எடை போடுவதும் அவர்கள்தான். சாவு 20 அளவுக்கு இறங்கியது. அங்கிருந்து வேலை இயற்கை விவசாயத்துக்கும் சிறுதானியத்துக்கும் நீண்டது. சட்டியில் என்ன வேகிறது என்று பார்த்தவர்கள் வயலுக்கு வராமல் எப்படி இருப்பார்கள்? நான் எதிர்த்திசையில் வந்தவன், வயலில் முப்பது வருடம் நின்றும் சட்டியைப் பார்க்காதவன்.

அந்த 2.1 கிலோ குழந்தை இப்போது ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய்ப் படிக்கிறாள். அவள் அம்மா என்னைப் பார்த்தால், "கயிறு சார்" என்று சிரிப்பாள். அதற்குப் பிறகு புதன்கிழமையில் நான் நடவுச் செயல்விளக்கம் வைத்ததில்லை. செவிலியரிடம் கேட்டுத்தான் நாள் குறிப்பேன். ஒருமுறை மேலதிகாரி காரணம் கேட்டார். கூலியாள் கிடைக்காது என்று சொல்லி வைத்தேன்.