மைதானம் திறக்கட்டும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனத் துறைத் தலைவர் மடல் விடுத்தபோது, முல்லைத் திணையைப் பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். எழுத அமர்ந்தபோதோ என் தாய்மாமா நினைவில் வந்து நின்றார். அவரோடு பிரான்சு நாட்டின் வடகோடியில் உள்ள ஒரு கால்பந்து மைதானமும் வந்து நின்றது. பழைய மாணவன் ஒருவன் தலைப்பை மாற்றிக்கொண்ட பிழையைத் துறைத் தலைவர் பொறுத்தருள வேண்டும். முல்லையை முற்றிலும் கைவிட்டேன் என்றும் சொல்வதற்கில்லை.

காரைக்காலிலிருந்து வந்து புதுச்சேரி முல்லா வீதியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. மாமா பிறந்தது 1943இல். வீட்டிலிருந்து தெற்கே நடந்து, அன்று தெற்குப் புல்வார் என வழங்கிய இன்றைய சுப்பையா சாலையைக் கடந்தால் உப்பளம். அங்கேதான் அவர் வெறுங்காலுடன் பந்து உதைத்துப் பழகினார். அசருக்குப் பின் போனவர் மஃரிப் தொழுகைக்கு வீடு திரும்பாவிட்டால், தேடிப் போய் அழைத்து வருவது என் தாயார் வேலை. தம்பியைவிட ஆறு வயது மூத்தவர் தாயார். கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது தம்பியைத் தாமதப்படுத்தும் ஒன்று என்பது மட்டுமே. அந்தக் கருத்து கடைசிவரை மாறவில்லை.

1962 ஆகஸ்டு 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதத் தவணை தரப்பட்டது. மாமா அதனை வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே படையில் சேர்ந்து எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா' ஆனார். படையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஊருக்குத் திரும்பிவிட்ட பல சொல்தாக்களைப் போலன்றி, லீல் நகரில் ஒரு கிடங்குக் காவலராக அமர்ந்தார். பிள்ளைகளின் படிப்பு ஒரு காரணம். லீல் கால்பந்துக் கழகம் மற்றொரு காரணம் என்று அவரே சொல்வார்.

அக்கழகம் 1975 முதல் ஆடிவந்த மைதானத்திற்குக் கிரிமோன்ப்ரே-ஜூரிஸ் என்று பெயர். நகரத்துக் கோட்டையின் அகழியை ஒட்டிய சிறிய மைதானம். இருபதினாயிரம் பேருக்குச் சற்று மிகுதியாக இடமிருந்தது. மாமாவுக்கு அங்கே நிலையான இருக்கை. பக்கத்து இருக்கைகளில் ஒரு தபால்காரரும் ஓர் ஓய்வுபெற்ற நெசவாலைத் தொழிலாளியும் இருந்தார்களாம். மழை பெய்தால் மூவரும் ஒரே ரப்பர்த் துணிக்குள் ஒண்டிக்கொள்வார்களாம். இவையெல்லாம் அவர் தாயாருக்கு எழுதிய கடிதங்களில் உள்ளவை. தாயாருக்குக் கண் மங்கியபின் படித்துக் காட்டும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது.

2000இல் லீல் முதல்நிலைப் பிரிவுக்கு ஏறியது. அடுத்த ஆண்டே மூன்றாம் இடம் பிடித்தது. வளர்ந்துவிட்ட கழகத்திற்குப் பழைய சட்டை பற்றவில்லை. அதே இடத்தில் ஏறத்தாழ 33,000 இருக்கைகளுடன் மைதானத்தை விரித்துக் கட்டுவதெனத் திட்டம் எழுந்தது. அந்நாளில் விடுமுறையில் வந்திருந்த மாமா, எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தாயாரிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். "இரண்டே வருஷம் லாத்தா. புது மைதானம் திறக்கட்டும். அதிலே ஒரு வருஷம் ஆட்டம் பார்த்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்." தாயார் அன்றே மாடி அறையை அவருக்கென்று ஒதுக்கினார். சுண்ணாம்பு அடிப்பதை மட்டும், அவர் வரும் மாதத்தில் அடித்தால் புதிதாக இருக்குமென்று தள்ளி வைத்தார்.

2004இல் பழைய மைதானம் மூடப்பட்டது. கழகம் அண்டையிலுள்ள வில்நெவ் தஸ்க் என்னும் ஊரின் தடகள அரங்கிற்குக் குடிபெயர்ந்தது. ஓட்டப்பாதை சுற்றிலும் இருந்ததால் ஆட்டக்காரர்கள் எறும்புகளாகத் தெரிகிறார்கள் என்று மாமா எழுதினார். ஓரிரு பருவங்கள்தானே என்று அனைவரும் பொறுத்துக்கொண்டனர். ஆனால் மரபுக் காப்பு அமைப்புகள் கோட்டைக்காக வழக்குத் தொடுத்திருந்தன. பிரெஞ்சுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள் எழும் எந்தக் கட்டடமும் அச்சின்னத்திற்கு ஊறு செய்யாததா என்று ஆராயப்பட வேண்டும். மைதானமோ கோட்டையின் மடியிலேயே இருந்தது. 2005 சூலையில் துவே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டட அனுமதியைச் செல்லாதது ஆக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் 'கொன்சேய் தெத்தா' எனப்படும் உச்ச நிருவாக மன்றமும் அதனை உறுதி செய்தது. பழைய மைதானமும் இல்லை, புதியதும் இல்லை.

அந்தப் பருவத்தில்தான் லீல் ஐரோப்பாவின் பெரிய கழகங்களோடு சாம்பியன்ஸ் லீக்கில் மோதியது. தற்காலிக அரங்கு அப்போட்டிக்குரிய தகுதி பெறாததால், 'சொந்த மைதான' ஆட்டங்களை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் பாரிசுக்கு அருகே ஸ்தாத் து பிரான்சில் ஆட வேண்டியதாயிற்று. 2005 நவம்பர் 2ஆம் நாள் அங்கே மான்செஸ்டர் யுனைடெட்டை ஒன்றுக்குச் சுழியம் என வென்றார்கள். மாமா பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பினாராம். அடுத்த பருவத்தில் அத்தகைய ஆட்டங்கள் பக்கத்து ஊர்ப் பங்காளியான லான்ஸ் கழகத்தின் மைதானத்தில் நடந்தன. பங்காளி வீட்டுத் திண்ணையில் நம் வீட்டுத் திருமணத்தை நடத்துவது போன்றது அது என்று மாமா எழுதியிருந்தார்.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பைத் திட்டி மாமா எழுதிய கடிதத்திற்கு நான் ஒரு மறுமொழி எழுதினேன். லீல் கோட்டை, பதினான்காம் லூயி மன்னனின் பொறியாளர் வோபான் 1667 முதல் 1670 வரை கட்டியது. ஐந்து முனை விண்மீன் வடிவம் கொண்டது. அதே வோபான் முறையைப் பின்பற்றி, அதே ஐந்து முனைகளுடன் நம் புதுச்சேரியிலும் ஒரு கோட்டை எழுந்து 1706இல் நிறைவுற்றது. 1761 சனவரியில் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றியபின் அதனை அடியோடு தகர்த்தனர். அக்கோட்டையின் வாழ்வை நாள் தவறாமல் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் வீழ்வதற்குச் சில நாள் முன்னரே கண்மூடினார். இன்று பாரதி பூங்காவில் புல்லும் மரமும் இருக்கின்றன. கோட்டை இருந்த சுவடு இல்லை. 'தங்கள் கோட்டையை இழக்காதவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது; தீர்ப்பு சரியே' என்று முடித்திருந்தேன். ஆசிரியப் பணியில் இருப்பவனுக்கு, கேளாதவருக்கும் பாடம் நடத்தும் பழக்கம் எளிதில் போவதில்லை.

ஏழு மாதம் மாமாவிடமிருந்து கடிதம் இல்லை. பின்னர் வந்ததிலும் ஒரே ஒரு வரிதான் அதைப் பற்றி இருந்தது. 'கோட்டை நிற்கட்டும் மருமகனே, அது முந்நூறு வருஷம் நிற்கும், நான் நிற்பேனா?'

இன்றும் அந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் சரியான தீர்ப்புக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. தீர்ப்பில் வென்ற கோட்டைக்கு முதுமை கிடையாது. தோற்ற பக்கத்தில் இருந்தவர்களோ ஆண்டுக்கு ஓர் ஆண்டு முதிர்ந்தார்கள்.

புதிய மைதானத்தை வில்நெவ் தஸ்கிலேயே வேறு நிலத்தில் கட்டுவதென்று முடிவாயிற்று. அதன்பின் நடந்தவை நம் ஊர் அலுவலகங்களில் அலைந்தவர்களுக்குப் புதியவை அல்ல. போட்டித் திட்டங்கள், அரசும் தனியாரும் சேர்ந்த ஒப்பந்தம், 2008 பிப்ரவரியில் எய்ஃபாஜ் நிறுவனத்தின் தேர்வு, மீண்டும் அனுமதிகள், 2010இல் கட்டுமானத் தொடக்கம் என்று ஆண்டுகள் நகர்ந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புதிய ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு அறிவிப்பையும் மாமா தொலைபேசியில் சொன்னார். தாயார் வாரந்தோறும் நலம் விசாரித்தபின் கேட்பது ஒரே கேள்விதான். "அந்த மைதானத்தைக் கட்டி முடித்துவிட்டார்களா?"

முல்லைப் பாடல்களில் தலைவன் கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப் பிரிகிறான். கார் வருகிறது, கொன்றை பூக்கிறது, அவன் வரவில்லை. அப்போது தோழி, 'இது கார் அன்று, காலம் அறியாமல் பெய்த மழை. கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது' என்கிறாள். 'பருவம் அன்றெனத் தோழி வற்புறுத்தல்' என்று இத்துறையை நம் கல்லூரி வகுப்பறையில் மனப்பாடம் செய்தோம். தோழி பொய் சொல்கிறாள் என்று தலைவிக்குத் தெரியாதா என நான் ஆசிரியரைக் கேட்டதுண்டு. தெரியும், ஆனால் அந்தப் பொய் அவளுக்கு வேண்டியிருக்கிறது என்றார் அவர். தொலைபேசிக்கு அருகில் நின்று, "இன்னும் அனுமதி வரவில்லையாம் உம்மா, அடுத்த வருஷம் நிச்சயமாம்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் அந்த விடை எனக்குப் பொருள்பட்டது.

வேடிக்கை என்னவெனில், வீடில்லாத அந்த ஆண்டுகளில்தான் கழகம் உச்சத்தை எட்டியது. 2011இல் அந்தத் தடகள அரங்கில் ஆடிக்கொண்டே பிரெஞ்சு லீகையும் பிரெஞ்சுக் கோப்பையையும் ஒருசேர வென்றது. லீகில் வென்றது 1954க்குப் பின் அதுவே முதல்முறை. பதின்பருவத்தில் கழகத்தில் சேர்ந்து அந்த வாடகை மண்ணில் வளர்ந்த பெல்ஜிய இளைஞர் ஈடன் அசார், 2012 மே 20ஆம் நாள் நான்சி அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்து விடைபெற்று, செல்சி கழகத்திற்குப் போய்விட்டார். மைதானம் திறக்க அப்போது மூன்று மாதமே இருந்தது.

தாயார் அதற்கும் முன்னரே போய்விட்டார். 2011 நவம்பரில் இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் ஃபஜ்ருக்குப் பின் உயிர் பிரிந்தது. நம் வழக்கப்படி அன்று மாலையே நல்லடக்கம் முடிந்தது. லீலிலிருந்து அந்நேரத்திற்குள் வந்துசேர வழியில்லை. தொலைபேசியில் மாமா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

2012 ஆகஸ்டு 17, வெள்ளிக்கிழமை மாலை, ஐம்பதினாயிரம் இருக்கைகளுடன் புதிய அரங்கு திறந்தது. திறந்து மூடும் கூரையும், பாதி தரை எழும்பி மறுபாதியின் மேல் படிந்துகொள்ளும் பொறியமைப்பும் கொண்டது. முதல் ஆட்டத்திலும் எதிரணி நான்சியே. ஒன்றுக்கு ஒன்று எனச் சமனில் முடிந்தது. ரமலான் முடிய ஓரிரு நாளே இருந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மஃரிப் நேரம் வந்தது. மாமா சட்டைப் பையிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து இருக்கையிலேயே நோன்பு திறந்தாராம். பக்கத்தில் இருந்தவர்கள் முன்பின் அறியாதவர்கள். தபால்காரர் இறந்துவிட்டிருந்தார், நெசவாலைக்காரர் மகள் வீட்டோடு தெற்கே போய்விட்டார். "கூரை நன்றாக இருக்கிறது, மழை விழாது" என்று மட்டும் என்னிடம் சொன்னார். நகரின் மேயராக 28 ஆண்டும், நாட்டின் பிரதமராக மூன்றாண்டும் இருந்த பியேர் மொருவா அடுத்த ஆண்டு சூனில் காலமானபோது, அவர் பெயரை அவ்வரங்கிற்குச் சூட்டினர். அதற்குள் மாமா ஊருக்கு வந்துவிட்டிருந்தார். ஒரு வருஷம் ஆட்டம் பார்ப்பதாகச் சொன்னவர், நவம்பரிலேயே மூட்டை கட்டிவிட்டார்.

வந்த முதல் வாரத்தில், கப்ருஸ்தானத்திலிருந்து திரும்பும் வழியில் அவரே பேச்சை எடுத்தார். "மைதானம் ஒரு சாக்குடா. மகள் படிப்பு, பென்ஷன் கணக்கு, உன் மாமிக்கு ஊர் ஒத்துவருமா என்ற பயம் எல்லாம் இருந்தது. லாத்தாவிடம் அதையெல்லாம் சொன்னால் வாதாடுவாள். மைதானம் என்றால் வாதாட மாட்டாள்." நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டடத்தின் தாமதத்தை எத்தனை பேர் எத்தனை தாமதங்களுக்குக் குடையாகப் பிடித்திருப்பார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.

மாமாவுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. சுண்ணாம்பு அடித்த மாடி அறையில் தொலைக்காட்சி உண்டு. இலண்டனில் டாட்டன்ஹாம் கழகத்தின் புதிய அரங்கு, பாதுகாப்பு அமைப்புகளில் கண்ட கோளாறால் 2018 செப்டம்பரில் திறக்க முடியாமல் 2019 ஏப்ரல் 3 வரை தள்ளிப்போனபோது, ஒவ்வொரு ஒத்திவைப்பையும் எனக்கு மேலிருந்து கூவிச் சொன்னார். பார்சலோனா 2023இல் தன் மைதானத்தைவிட்டு வெளியேறி, 2024 நவம்பரில் திரும்புவதாகச் சொல்லி, ஓராண்டு கழித்து 2025 நவம்பரில்தான் திரும்பியது. இடையில் ஒவ்வொரு புதிய நாள் அறிவிக்கப்பட்டபோதும், "தோழி பேசுகிறாள்" என்பார். முல்லையை அவருக்குக் கற்பித்தவன் நான்தான். இம்முறை அவர் கேட்டுத்தான் கற்பித்தேன்.

திறப்பு நாள் நுழைவுச்சீட்டை அவர் கிழிக்காமல் கொண்டுவந்திருந்தார். தாயார் கடிதங்களைப் போட்டு வைத்த பிஸ்கட் தகர டப்பாவில் அதையும் வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறேன்.