ஆயிரம் சொற்களுக்கு மிகாமல்

2015 டிசம்பரில் வேளச்சேரி முழுகியபோது நான் முதலில் பையில் போட்டவை மூன்று: லேப்டாப், பாஸ்போர்ட், ஜிஆர்இ மதிப்பெண் தாள். துணிமணி ஞாபகம் வந்ததே இடுப்பளவுத் தண்ணீரில் மெயின் ரோடு வரை நடந்த பிறகுதான். எங்கள் அறை முதல் மாடியில். கீழே நின்ற பைக்குகளின் கண்ணாடிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஆபீஸ் எப்போது திறக்கும் என்று சொல்ல ஆளில்லை. எப்படியோ பஸ் பிடித்து ஆரணி வந்து சேர்ந்ததும் அம்மா அழுதாள். எனக்கு மனசுக்குள் ஒரே கணக்குதான். டிசம்பர் 15க்கு இன்னும் பதினொரு நாள்.

அமெரிக்காவில் எம்எஸ் படிக்க ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதாக முடிவு செய்திருந்தேன். ஜிஆர்இ, டோஃபல், விண்ணப்பக் கட்டணம் எல்லாம் சேர்த்து என் இரண்டரை மாதச் சம்பளம் போயிருந்தது. போகட்டும், பணமும் மதிப்பெண்ணும் ஒருவகையில் சுலபம். கஷ்டம் எஸ்ஓபி என்று எல்லோரும் சொல்கிற ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ். நீ யார், இதுவரை என்ன செய்திருக்கிறாய், இங்கே வந்து என்ன செய்யப்போகிறாய், ஏன் இங்கே? இரண்டு பக்கத்துக்குள் சொல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி போன்ற வளாகங்கள் அது போதாதென்று பெர்சனல் ஹிஸ்டரி ஸ்டேட்மென்ட் என்று இன்னொன்றும் கேட்கும். உன் பின்னணி, உனக்கு வந்த தடைகள், கிடைத்த வாய்ப்புகள் உன்னை எப்படி இங்கே கொண்டுவந்தன என்று அதில் எழுத வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் எம்பிஏ விண்ணப்பத்தில் பல வருடங்களாக ஒரே கேள்விதான்: உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன்? நான் எம்பிஏ பக்கமே போகவில்லை. ஆனாலும் ரூம்மேட் அந்தக் கேள்வியைப் படித்துக்காட்டிய இரவு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். கட்டுரை என்றால் எனக்குத் தெரிந்தது முன்னுரை, நடுவில் அடிக்கோடிட்ட உட்தலைப்புகள், கடைசியில் முடிவுரை. கோனார் உரையில் இருப்பதை மனப்பாடம் செய்து எழுதினால் பத்துக்கு எட்டு. 'நான் விரும்பும் தலைவர்' கட்டுரையில் எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே தலைவர், ஒரே காரணங்கள். அந்தத் தலைப்பில் இருந்த 'நான்' என்கிற ஆளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இன்ஜினியரிங் நான்கு வருடத்தில் அவனைத் தேடவேண்டிய அவசியமும் வரவில்லை. இருபத்து மூன்று வயதில் திடீரென்று அவனைப் பற்றி ஆயிரம் சொற்கள், அதுவும் இங்கிலீஷில்.

சீனியர்களின் எஸ்ஓபிகள் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டராகச் சுற்றிக்கொண்டிருந்தன. நாற்பது சொச்சம் இருக்கும். பாதிக்கு மேல் ஐன்ஸ்டீன் பொன்மொழியில் ஆரம்பிக்கும் (அதில் பாதியை ஐன்ஸ்டீன் சொல்லியிருக்க மாட்டார்). மீதியில் எல்லோருக்கும் சிறுவயதிலிருந்தே கம்ப்யூட்டர் மேல் தீராத ஆர்வம். பரிந்துரைக் கடிதம் கதையும் இதேதான். 'நீயே எழுதிக் கொண்டுவாப்பா, கையெழுத்துப் போடறேன்' என்றார் எங்கள் பேராசிரியர். நான் கடின உழைப்பாளி, வகுப்பில் அபூர்வமான மாணவன் என்று என்னைப் பற்றி நானே அவர் குரலில் எழுதிக்கொண்டு போனேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அது எனக்குத் தப்பாகவே படவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

எனக்கு ஐன்ஸ்டீன் தேவைப்படவில்லை. என்னிடம் தறி இருந்தது.

அப்பா பட்டு நெசவாளி. கூலிக்கு நெய்பவர். வீட்டின் முன்னறையில் குழித்தறி, அதன் மேலே ஜக்கார்டு பெட்டி, பெட்டியிலிருந்து சங்கிலிபோலக் கோத்துத் தொங்கும் அட்டைகள். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்த இழை மேலே எழும்பும். துளை இல்லாவிட்டால் இழை கீழேயே கிடக்கும். இப்படி ஒவ்வொரு அட்டையாகப் புரளப்புரள, கரையில் மயிலும் அன்னமும் வரும். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு கொண்டுவந்த முறை அது. அந்த அட்டைகளைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை நெய்ய ஏறக்குறைய 24,000 அட்டைகள் தேவைப்பட்டனவாம். இது ஒன்றும் எனக்கு வீட்டில் தெரியாது. கல்லூரி இரண்டாம் வருடம், பரீட்சைக்கு முந்தைய நாள் விக்கிபீடியாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது படித்தது. படித்தபோது 'அட, நம்ம வீட்டுப் பெட்டி' என்று தோன்றியது. அவ்வளவுதான்.

எஸ்ஓபியில் அது வேறுமாதிரி வந்தது. எட்டு வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் தறிக்குக் கீழே உட்கார்ந்து அட்டைகள் புரள்வதைப் பார்க்கிறான். துளை என்றால் ஒன்று, துளை இல்லையென்றால் பூஜ்யம் என்று அவனுக்குப் புரிகிறது. அப்பா தன்னந்தனியாக, சிம்னி விளக்கில், இரவெல்லாம் நெய்கிறார். அந்தத் தாளம்தான் அவன் கேட்ட முதல் புரோகிராம். இங்கிலீஷில் இதைவிட நன்றாக இருந்தது. ரூம்மேட் படித்துவிட்டு, 'மச்சி, இனிமே நீ ஒண்ணுமே எழுத வேணாம், இது போதும்டா' என்றான். ஒரு பல்கலைக்கழகத்துக்கு டிசம்பர் 1 கடைசி நாள். நவம்பர் 29 இரவே அனுப்பிவிட்டேன். அடுத்த இரண்டு நாளில் மழை.

ஆரணியில் அக்கா வந்திருந்தாள், இரண்டாவது குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டு. பகலெல்லாம் முன்னறையில் நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். எதிரே அப்பா நெய்துகொண்டிருப்பார். பக்கத்தில் சம்பளத்துக்கு வந்த ஒரு பையன். மூன்றாம் நாள் அக்கா கேட்டாள்.

"இன்னாடா அப்படி எழுதற? படிச்சுக் காட்டேன்."

தமிழில் சொல்லச்சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சிம்னி விளக்கு வந்த இடத்தில் அப்பா சிரித்துவிட்டார். "சிம்னியா? ஜரிகை எங்கடா தெரியும் அதுல? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கரண்டு வந்துடுச்சே." அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"அப்பா தனியா நெய்தாருன்னா எழுதியிருக்க?"

"ஆமா. ஏன்?"

"தனியா எப்படிடா கோர்வை போட முடியும்?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டு போக, நெய்பவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைக்கு நாடா கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவரால் ஆகாது. நெசவாளி வீட்டுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். எழுதும்போது 'அலோன்' என்கிற சொல் வாக்கியத்தில் நன்றாக உட்கார்ந்தது, விட்டுவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்பதுதான் விஷயம். முதலில் அம்மா. 2006இல் அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. அக்கா அந்த வருடம்தான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள், 1,200க்கு 1,002. அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி கணக்குக்கு அப்ளிகேஷன் வாங்கி வந்தாள். அது நிரப்பப்படாமலே பரண்மேல் பழைய பஞ்சாங்கங்களோடு கிடந்தது. கல்யாணம் ஆகிற வரைக்கும் ஆறு வருடம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கரைக்கு நாடா கொடுத்தாள். அந்தக் கூலியில் நான் பக்கத்து ஊர் தனியார் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு படித்தேன். தறிக்குக் கீழே நான் உட்கார்ந்ததெல்லாம் கிடையாது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது, தார் சுற்றச் சொன்னால் ஓடிவிடுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இன்ஜினியரிங் சேர்ந்த 2010இல்தான் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்றவர் ஒருவரும் இல்லை என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கினேன். அக்கா அந்த அப்ளிகேஷனை நிரப்பியிருந்தால், எனக்கு அந்தச் சான்றிதழே கிடைத்திருக்காது. வாங்கி வந்த அன்று அதை லேமினேட் செய்தோம். அக்காதான் கடைக்குப் போய் வந்தாள்.

அன்று ராத்திரி பெர்சனல் ஹிஸ்டரி ஸ்டேட்மென்டைத் திறந்து அக்காவைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். மளமளவென்று வந்தது. பரண், பஞ்சாங்கம், 1,002 எல்லாம் வந்தது. எழுதி முடித்துப் படித்தபோது முதல் கட்டுரையைவிட இது இன்னும் நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றைப் புரட்டியது. தறியை விற்றாகிவிட்டது, இப்போது அக்கா.

காலையில் அவளிடமே கேட்டேன். உன்னைப் பற்றி எழுதட்டுமா?

"என் பேரெல்லாம் போடாத. படிக்கறவங்க பாவம்னு நெனைப்பாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "தனியான்றத மட்டும் எடுத்துடு. தப்பு அது" என்றாள்.

அவளைப் பொறுத்தவரை அது ஒரு பிழை. பிழை இருந்தால் திருத்த வேண்டும்.

எஸ்ஓபியிலிருந்து தறியையே எடுத்துவிட்டேன். அதன்பிறகு எழுத என்ன மிச்சம் என்று பார்த்தால், கம்பெனியில் ஒன்றரை வருடமாக நான் மாரடித்த ஒரு விஷயம் இருந்தது. ஆன்லைனில் பணம் கட்டும்போது நெட்வொர்க் அறுந்துபோய், அதே கோரிக்கை மறுபடி வந்தால், இரண்டாவது முறை பணம் எடுக்கக் கூடாது. கேட்க எளிது. பத்து சர்வர்களில், எது முதலில் வந்தது என்றே தெரியாத நிலையில், சுலபமில்லை. நான் செய்த தீர்வு எங்கே தோற்றது, ஏன் தோற்றது, அதைப் புரிந்துகொள்ள எனக்கு என்ன படிப்பு போதவில்லை, அந்தப் படிப்பு அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் குழுவிடம் இருக்கிறது என்று எழுதினேன். அழகே இல்லை, பக் ரிப்போர்ட் மாதிரி இருந்தது. கார்னகி மெல்லன் பேராசிரியர் மோர் ஹார்ச்சோல்-பால்டர் பிஎச்டி விண்ணப்பதாரர்களுக்கு எழுதிய வழிகாட்டி ஒன்று அப்போதே எல்லோர் கையிலும் இருந்தது. ஆராய்ச்சி அனுபவத்தைத்தான் அது திரும்பத்திரும்பப் பேசும். நானும் படித்திருந்தேன். படித்தும், பர்ப்பஸ் என்ற சொல்லை விட்டுவிட்டு என் சரித்திரத்தை எழுத உட்கார்ந்திருந்தேன். பெர்சனல் ஹிஸ்டரியில் அக்காவுக்கு ஒரே வாக்கியம்: என் மூத்த சகோதரி படிப்பை நிறுத்தியதால் நான் படிக்க முடிந்தது. பேர் போடவில்லை. 14ஆம் தேதி ராத்திரி மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஐந்தையும் அனுப்பினேன்.

மார்ச்சில் பதில்கள் வந்தன. பக் ரிப்போர்ட் போன ஐந்தில் நான்கு நிராகரிப்பு, ஒன்று இடம் தந்தது, உதவித்தொகை இல்லை. நவம்பர் 29 அன்று சிம்னி விளக்கோடு போன விண்ணப்பம் இருக்கிறதே, அது இடமும் தந்தது, கட்டணத்தில் பாதிச் சலுகையும் தந்தது. அங்கேதான் போனேன். போகாமலிருக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை. கட்டுரைக்காகத் தந்தார்களா, மதிப்பெண்ணுக்காகவா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன், முதல் வாரத்து வரவேற்பு நிகழ்ச்சி வரைக்கும். கையில் காகிதக் கோப்பையோடு வந்த ஒரு பேராசிரியர் என் பேட்ஜைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து கேட்டார்: "நீதானே அந்தத் தறிக்காரர் மகன்?" ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போது ஆபீஸ் ஜூனியர்கள் தங்கள் எஸ்ஓபிகளை எனக்கு அனுப்புகிறார்கள். சாட்ஜிபிடி வந்தபிறகு இங்கிலீஷில் ஒரு பிழை கிடையாது. எல்லாருடைய முதல் பத்தியிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ உட்கார்ந்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு பையன் அனுப்பியதில், பாட்டி விடிகாலையில் போடும் புள்ளிக்கோலத்தில் அவன் அல்காரிதத்தைக் கண்டுகொள்கிறான். நன்றாகவே இருந்தது.

"பாட்டி கோலம் போடறப்ப நீ எங்கப்பா இருப்பே?" என்று கேட்டேன்.

"தூங்கிட்டிருப்பேன்ணா," என்றான். கொஞ்சம் யோசித்து, "எடுத்துடணுமாண்ணா?"

எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கும் கடன் வாங்கித்தான் போகவேண்டும். உன் புராஜெக்ட் பத்தியை இன்னும் இரண்டு மடங்காக்கு என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

அந்தப் பேராசிரியர் கேட்டதை அக்காவிடம் சொல்ல எனக்கு வருடங்கள் பிடித்தன. ஊருக்குப் போயிருந்தபோது, அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். முழுசாகக் கேட்டாள்.

"தனியா எப்படி நெய்தாருன்னு அவரு கேக்கலியா?"

"கேக்கலக்கா."

"அந்த ஊர்ல கோர்வை கெடையாது போல," என்றபடி எழுந்து டீ போட உள்ளே போனாள்.