ஒரு குச்சி வாங்கக் கூடிய கமிட்டி

துப்பாக்கியைச் சுட்டுக் கெடுத்தவர்களைவிடத் துடைத்துக் கெடுத்தவர்கள்தான் அதிகம். காது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாட்டுக் கேட்டுக் காதைக் கெடுத்துக்கொண்டவன் எத்தனை பேர்? ஹேர்பின்னால் குடைந்து கெடுத்துக்கொண்டவன்தான் ஈ.என்.டி. டாக்டர் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறான்.

வாரத்தில் ஆறு நாள் நான் ஃபைல் தள்ளும் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ரைபிள் கிளப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, பாயிண்ட் டூ டூ ரைபிளால் 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் காகிதத்தைச் சுடுகிறவன். "காகிதத்தைச் சுட எதுக்குய்யா துப்பாக்கி? ஆபீஸ்லயே கிழிக்கிறியே, போதாதா?" என்று பக்கத்து சீட் நண்பர் கேட்பார். அவருக்கு என் பதில், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ். இதே 50 மீட்டர் ரைபிளில், மூன்று நிலைப் போட்டியில், ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினார். அவர் அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் கலெக்டர். நம்ம ஜாதி சார், மாச சம்பள ஜாதி!

அந்தக் காகிதத்தில் நடுவில் இருக்கும் பத்துப் பாயிண்ட் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். அதை 50 மீட்டருக்கு அப்பாலிருந்து அடிக்க வேண்டும். குழல் கொஞ்சம் கோணினாலும் பொத்தான் தப்பிவிடும், சட்டை மட்டும்தான் மிஞ்சும்.

எங்கள் கிளப்பில் சொந்தத் துப்பாக்கி இல்லாதவர்களுக்கென்று ஒரு பொது ரைபிள் உண்டு. அதில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள் ஒரு கல்லூரிப் பெண். என்.சி.சி. கேடட். அப்பா லாரி டிரைவர். சொந்தமாக ரைபிள் என்பது அந்த வீட்டில் பேச்சுக்கே வராத சமாசாரம். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று குண்டுகள் சிதற ஆரம்பித்தன. "மூச்சை அடக்கல", "டிரிகரை இடிக்கிற", "ராத்திரி ஒழுங்காத் தூங்கினியா?" என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம். அந்தப் பெண் பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மாநிலத் தேர்வுப் போட்டியில் சில பாயிண்ட் வித்தியாசத்தில் இடம் போயிற்று.

அப்புறம்தான் ரிடையர்ட் சுபேதார் ஒருவர் அந்த ரைபிளை லென்ஸ் வைத்துப் பார்த்தார். குழலின் வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. "பொண்ணு மேல தப்பில்ல. தொடச்சவன் மேல தப்பு" என்றார்.

விஷயம் இதுதான். குண்டு குழலை விட்டுக் கடைசியாகப் பிரியும் இடம் அந்த விளிம்பு. அது ஒரே சீராக இருந்தால் பின்னாலிருந்து தள்ளும் வாயு நாலா பக்கமும் சமமாக வெளியேறும். ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு, குண்டைக் கொஞ்சம் சாய்த்துவிடும். வருஷக் கணக்கில் யாரோ மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் மலிவுக் கம்பியை வாய்ப்பக்கம் விட்டு, மாவிடிப்பது மாதிரி இடித்திருக்கிறார்கள். யார் என்று யாருக்கும் தெரியாது. நல்ல காரியத்துக்குத்தான் பத்துப் பேர் முன்னால் வருவார்கள்.

லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து, நுனியை லேசாக வெட்டி லேத்தில் புதிதாகக் கடைந்து வாங்கினோம். சிதறல் அடங்கியது. அடுத்த ஞாயிறே ஒரு குச்சி வாங்கக் கமிட்டி கூடியது. பொருளாளர் என்பதால் நானும் உட்கார்ந்தேன்.

"புல்த்ரூ போதுமே, என்.சி.சி.ல அதுதானே?" என்றார் ஒருவர். ஒரு முனையில் எடை, மறு முனையில் துணி கட்டிய கயிறு. பையில் மடித்து வைக்க அருமையான சாமான். ஆனால் கயிற்றைக் கோணலாக இழுத்தால் அதுவும் அதே விளிம்பைத்தான் அறுக்கும். "பழைய மூணு துண்டே இருக்கே" என்றார் இன்னொருவர், சிக்கனத் திலகம். துண்டுகள் சேரும் இடத்தில் கூர் விளிம்பு இருக்கும், நடுவில் வளையவும் வளையும் என்று சுபேதார் விளக்கினார். யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு அழக் கூடாது என்று முடிவாயிற்று.

நீங்கள் என்றைக்காவது வாங்கப் போனால் உதவும், குறித்துக்கொள்ளுங்கள். ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஸ்டீலின் மேல் நைலான் பூசியதோ கார்பன் ஃபைபரோ எதுவானாலும் சரி. பூச்சு உரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அலுமினியம் போன்ற மெத்தென்ற உலோகத்தில் மணல் துகள் பதிந்துகொண்டு உப்புக் காகிதமாகிவிடும். குழலின் உள்ளளவு சுமார் 5.6 மி.மீ. என்பதால் குச்சி 5 மி.மீ. சுமாருக்கு இருக்கட்டும். அதைவிட மெலிந்தது வளைந்து குழலின் சுவரை உரசும். குழல் 26 அங்குலம் என்றால் குச்சி 36 அங்குலமாவது வேண்டும். பின்னால் ரைபிளின் உடம்பும் இருக்கிறதல்லவா? கைப்பிடி தானாகச் சுழல வேண்டும். குழலுக்குள் திருகு மாதிரி பள்ளங்கள் ஓடுகின்றன, சுமார் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. துணி அந்தச் சுற்றோடு போனால்தான் பள்ளத்துக்குள் இருக்கும் அழுக்கு வரும். கடையில் கண்ணாடி மேஜை மேல் உருட்டிப் பாருங்கள், குதித்தால் வேண்டாம்.

குச்சியோடு இன்னொன்றும் வாங்கினோம், குழல் வழிகாட்டி. போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் செருகும் சின்னக் குழாய். குச்சி நேராகப் போக அதுதான் தண்டவாளம். முதலில் துப்பாக்கி காலியா என்று இரண்டு தரம் பார்க்க வேண்டும். அப்புறம் பின்னாலிருந்து முன்னால் தள்ளி, வாயில் வெளியே வந்ததும் அழுக்குத் துணியை எடுத்துவிட்டுக் குச்சியை மெதுவாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் குச்சியைத் துடைக்க வேண்டும்.

மொத்தச் செலவு என் ஸ்கூட்டரின் ஒரு மாசப் பெட்ரோலைத் தாண்டியது. கணக்கில் 'குச்சி - 1' என்று எழுதியதைப் பார்த்து ஆடிட்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போன வருஷம் அந்தப் பெண்ணுக்குத் திரும்பி வராது. குச்சி இப்போது அவள் பொறுப்பில், சுவரில் இரண்டு ஆணியில் படுத்திருக்கிறது. போன வாரம் செயலாளரே அதை எடுக்கப் போனார்.

"சார், பின்னால இருந்துதானே தள்ளுவீங்க?" என்று கேட்டாள்.

செயலாளர் கையை எடுத்துக்கொண்டு, "நீயே தொடச்சுடும்மா" என்றார்.