சாலோவில் தயிர்சாதம்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2006-இல் உற்பத்தி தொடங்கியபின் எங்களில் சிலருக்குப் பின்லாந்துப் பயணம் வாய்த்தது. தென்மேற்கில் உள்ள சாலோ நகரில் அப்போது நோக்கியாவின் ஆலை இருந்தது. புறப்படும் வீட்டில் பேச்சு முழுக்கச் சாப்பாட்டைப் பற்றித்தான். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று பாதிப் பெட்டி நிறைந்துவிடும். நெய்யும் பால்கோவாவும் மட்டும் வைக்க முடியாது. பயணிகள் வெளியிலிருந்து பால்பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை.

அங்கே சைவம் கிடைக்காது என்பார்கள். அது பாதி உண்மை. சைவம்போலத் தெரிவதில்தான் கவனம் வேண்டும். பின்லாந்திலும் ஸ்வீடனிலும் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். வழக்கமாக அதில் பன்றி இறைச்சி வெந்திருக்கும். சில பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள், ஜெல்லி மிட்டாயில் ஜெலட்டின். கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். நான் கேட்ட கடைகளில் யாரும் முகம் சுளித்ததில்லை. டப்பாவைத் திருப்பி ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார்கள்.

ஆனால் அவர்கள் மோர் குடிக்கிறவர்கள் என்பதை யாரும் நமக்குச் சொல்லி அனுப்புவதில்லை! பீமா என்ற புளித்த மோரைச் சாப்பாட்டோடு தம்ளர் தம்ளராகக் குடிக்கிறார்கள். கஞ்சிக்கென்றே குட்டையான அரிசியும் எல்லாக் கடையிலும் உண்டு. அதைக் குழைய வடித்து, ஆறவிட்டு, பீமா ஊற்றிப் பிசைந்து, கொண்டுபோன கடுகைத் தாளித்துக் கொட்டினால் அசல் தயிர்சாதம். கரேலியப் பை என்று ஒன்று, மெல்லிய கம்புரொட்டி போன்ற ரை மாவு ஓட்டுக்குள் பால்கஞ்சி அரிசி. மேலே தடவும் முட்டை வெண்ணெயை வேண்டாம் என்றால் போதும், காலை உணவு முடிந்தது. பொடிடப்பாவோடு அறைக்குள் அடைந்துகிடந்து இளைத்துத் திரும்பியவர்களை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

ஹூண்டாய் வந்தபின் நம் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையோரம் கொரிய உணவகங்கள் முளைத்தன. வந்தவர் நாக்குக்கு இந்த ஊர் இடம் கொடுத்தது. இங்கிருந்து போகிறவருக்கு மட்டும் விமானச் சீட்டோடு கடமை முடிந்ததாக நிறுவனங்கள் நினைப்பது நியாயமில்லை. அங்குள்ள கேன்டீனுக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதலாமே.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. டென்மார்க் நிறுவனமான டான்ஃபோஸ் ஒரகடத்தில் இருக்கிறது. அங்கிருந்து டென்மார்க் போகிற பிள்ளைகள் இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். டேனிஷ் கடையில் மோருக்குக் ‘கேர்னமெல்க்’ என்று கேள், கடுகை மறக்காமல் எடுத்துப்போ என்கிறேன்.